கேட்கக் கூசும் வழவழப்புச் சமாசாரம்



சமையலறையில் ஒரு சைனா கிராஸ் பொட்டலம். கண்ணாடி அலமாரியில் வாஸலைன் டப்பா. தொட்டிலுக்குப் பக்கத்தில் குழந்தையின் டயபர். பீரோவில், புடவைகளுக்கு அடியில் மறைத்து வைத்த ஒரு சின்ன ட்யூப். இந்த நான்குக்கும் என்ன உறவு என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. நான்கும் வழவழப்பு இனத்தைச் சேர்ந்தவை; நான்கைப் பற்றியும் நமக்குச் சந்தேகங்கள் உண்டு.

முதல் மூன்றைப் பற்றிய சந்தேகத்தை அடுத்த வீட்டு மாமியிடம் கேட்டுவிடலாம். நாலாவதைப் பற்றி யாரிடம் கேட்பது? தாயாரிடம் கேட்க வெட்கம். மாமியாரிடம் கேட்கப் பயம். டாக்டரிடம் போனாலோ, வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பே வாயைக் கட்டிப் போட்டுவிடுகிறது. கேட்காமலே திரும்பி வந்து, கைக்குக் கிடைத்ததைத் தடவிக்கொண்டு, அதனால் வரும் எரிச்சலையும் பொறுத்துக்கொள்கிற பெண்கள் எத்தனையோ பேர்.

ஆகவே இந்த வாரம் நாலாவது சமாசாரத்தையும் மற்ற மூன்றோடு ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டேன். இதில் அசிங்கம் ஒன்றும் இல்லை. பல்வலியைப் பற்றிப் பேசுவதுபோல் இதையும் பேசலாம். கல்யாணமான பெண்கள், கல்யாணம் ஆகப் போகும் பெண்கள், மாதவிலக்கு நின்றுபோன பெரியவர்கள் எல்லோருமே படிக்க வேண்டிய விஷயம் இது.

ஜெல்லி என்றால் என்ன? சைனா கிராஸும் ஜெலட்டினும் ஒன்றுதானா?

ஜெல்லி என்பது வலைக்குள் சிக்கிக்கொண்ட தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு வலை போல் ஆகிவிடுகின்றன. தண்ணீர் அதற்குள் மாட்டிக்கொண்டு ஓட வழியில்லாமல் நிற்கிறது. அதனால்தான் ஜெல்லி கெட்டியும் இல்லை, நீரும் இல்லை. ஊறின சப்ஜா விதையைச் சுற்றி நிற்கிற வழவழப்பு, வெந்தயத்தின் கொழகொழப்பு, ஊறின பாதாம் பிசின், கொய்யாப்பழ ஜெல்லி எல்லாம் இந்த வகையே.

சைனா கிராஸ் கடல்பாசியிலிருந்து எடுப்பது. ஜெலட்டின் மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுப்பது. சைவக் குடும்பங்களில் இந்த வித்தியாசம் முக்கியம். இனிப்பு ஜெல்லிப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாத்திரைக் கடையில் வாங்கும் காப்ஸ்யூல்களின் உறைகூடப் பெரும்பாலும் ஜெலட்டின்தான்.

சமையலிலும் இரண்டுக்கும் குணம் வேறு. சைனா கிராஸ் வெளியில் வைத்தாலே உறைந்துவிடும். உறைந்த பிறகு ஏறக்குறைய 85 டிகிரி சூடு கொடுத்தால்தான் மறுபடி உருகும். ஜெலட்டினுக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். வாயில் போட்டதும் கரைந்துவிடும். பச்சை அன்னாசித் துண்டையோ பப்பாளியையோ ஜெலட்டினில் போட்டால், எத்தனை நேரம் வைத்தாலும் உறையாது. அந்தப் பழங்களில் உள்ள ஒரு சத்து ஜெலட்டின் இழைகளை அறுத்துவிடுகிறது. பழத்தை வேகவைத்துப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. சைனா கிராஸிடம் அந்தச் சத்தின் ஜம்பம் சாயாது.

இந்தச் சைனா கிராஸ் வைத்திய சாஸ்திரத்துக்குப் போனது ஒரு குடும்பப் பெண்ணால் என்பது உங்களுக்குத் தெரியுமா? ஜெர்மனியில் ராபர்ட் காக் என்பவரின் ஆராய்ச்சிச் சாலையில் கிருமிகளை ஜெலட்டின்மீது வளர்த்துப் பார்த்தார்கள். கொஞ்சம் சூடு ஏறினால் ஜெலட்டின் உருகிப்போகும். சில கிருமிகள் அதைத் தின்றும்விடும். அங்கே வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, 1881-ல், "என் சமையலறையில் ஜெல்லிக்குப் போடுகிற கடல்பாசியை உபயோகித்துப் பாருங்களேன்" என்று யோசனை சொன்னார். ஜாவாவில் வசித்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட கைப்பக்குவம் அது. இன்றைக்கும் உலகம் முழுவதும் பரிசோதனைச் சாலைகளில் கிருமிகளை வளர்ப்பது அதன்மேல்தான்.

வாஸலைனும் ஜெல்லிதானே?

பெயரில் ஜெல்லி இருக்கிறது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. அது மண்ணெண்ணெய் வம்சம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் 1859-ல் பூமியைத் துளைத்துப் பெட்ரோலியம் எடுத்தபோது, இயந்திரக் கம்பிகளில் ஒருவித மெழுகு படிந்து தொல்லை கொடுத்தது. வேலையாட்கள் அதை வெட்டுக் காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் தடவிக்கொள்வதை ராபர்ட் செஸ்ப்ரோ என்ற இளைஞர் கவனித்தார். அதைச் சுத்தப்படுத்தி, 1872-ல் உரிமை பதிவு செய்தார். அதுதான் வாஸலைன்.

அது சருமத்துக்கு ஈரம் கொடுப்பதில்லை. சருமத்தில் இருக்கிற ஈரத்தை வெளியே போகவிடாமல் மூடி வைக்கிறது. ஆகவே வறண்ட காலில் தடவுவதைவிட, குளித்துத் துடைத்த உடனே, லேசான ஈரம் இருக்கும்போது தடவினால் பலன் அதிகம். உதட்டு வெடிப்புக்கும், குதிகால் பித்தவெடிப்புக்கும், குழந்தைக்கு டயபர் உராய்ந்து சிவக்கும் இடத்துக்கும் நல்லது. தீப்பட்ட இடத்தில் மட்டும் உடனே தடவாதீர்கள்; உள்ளே இருக்கும் சூட்டையும் அது மூடி வைத்துவிடும். முதலில் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள்.

வெளிச் சருமத்துக்கு இவ்வளவு நல்லதாக இருப்பது பிறப்பு வழிக்கு உள்ளே ஆகாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

குழந்தையின் டயபரிலிருந்து பளபளவென்று ஜெல்லி மணிகள் உதிர்ந்து உடம்பில் ஒட்டியிருக்கின்றன. விஷமா?

பயப்பட வேண்டாம். டயபருக்குள் ஒருவகைப் பொடி இருக்கிறது. தன் எடையைப் போல் பல மடங்கு நீரை உறிஞ்சி ஜெல்லியாக மாறுவதுதான் அதன் வேலை. டயபர் ரொம்ப நேரம் நனைந்து கனத்துவிட்டால் உறை கிழிந்து மணிகள் வெளியே வரும். ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும். மாற்றும் நேரம் தாண்டிவிட்டது என்பதற்கு அது அடையாளம். நம்முடைய நாப்கின்கள் பலவற்றிலும் இதே பொடிதான். நனையவில்லையே என்று ஒரே நாப்கினை நாள் முழுவதும் வைத்திருப்பது தவறு. 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்றுக்குப் பயப்படத்தான் வேண்டும். கடுகு அளவில் வண்ண வண்ண மணிகளாக விற்கிறார்களே, தண்ணீரில் போட்டால் கோலிக்குண்டு அளவுக்கு ஊதிப் போகுமே, அதைச் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் வயிற்றுக்குள் ஊதிக் குடலை அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போய், இன்ன பொருள் என்று சொல்லிவிடுங்கள்.

வயிற்றில் ஸ்கேன் எடுக்கும்போது ஜில்லென்று தடவுகிறார்களே, அது எதற்கு?

ஸ்கேன் கருவி அனுப்புவது ஒலி அலை. கருவிக்கும் வயிற்றுக்கும் நடுவே துளி காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். அந்தக் காற்றை விரட்டத்தான் ஜெல்லி. பெரும்பாலும் தண்ணீர்தான், துடைத்தால் போய்விடும். வயிற்றுச் சிசுவுக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. "தண்ணீர் ஜெல்லிதானே" என்று அதை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிச் சருமத்துக்காகச் செய்த அந்த ஜெல்லி, உடம்புக்கு உள்ளே உபயோகிக்கத் தக்கதல்ல.

இனி அந்த நாலாவது சமாசாரம். "உறவின்போது வறட்சியாக இருக்கிறது, வலிக்கிறது. என்னிடம் ஏதாவது குறையா?"

குறை ஒன்றும் இல்லை, சகோதரி. வாயில் எச்சில் ஊறுவதை நினைத்துப் பாருங்கள். பசியும் மணமும் இருந்தால் தானே ஊறுகிறது. பயந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிறப்பு வழியின் ஈரமும் இப்படித்தான். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் நடத்திய ஆராய்ச்சி 1966-ல் புத்தகமாக வெளிவந்தது. அதற்கு முன், ஏதோ சுரப்பிகள்தாம் இந்த ஈரத்தைச் சுரக்கின்றன என்று எண்ணியிருந்தார்கள். சுரப்பிகளின் பங்கு சொற்பம் என்றும், மனம் இசையும்போது அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடி, சுவர்களிலிருந்தே ஈரம் வியர்வை முத்துப் போல் கசிகிறது என்றும் அவர்கள் கண்டார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, இதற்கு நேரம் வேண்டும். பகலெல்லாம் அடுப்படியிலும் ஆபீஸிலும் உழைத்துவிட்டுப் பாதித் தூக்கத்தில் இருப்பவளுக்கு இரண்டு நிமிஷத்தில் எப்படி வரும்? புது மணப்பெண்ணுக்கோ பயம் வேறு. இரண்டாவது, இது நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டது அல்ல. வறட்சி இருந்தால் புருஷன்மேல் அன்பு இல்லை என்று அர்த்தம் அல்ல. இதைக் கணவன்மார்கள் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துக்கொள்வது நல்லது.

சில மருந்துகளாலும் ஈரம் குறையும். ஜலதோஷத்துக்கும் அலர்ஜிக்கும் சாப்பிடும் மாத்திரைகள் மூக்கை உலர்த்துவதுபோல் இதையும் உலர்த்தும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை மருந்துகள் ஆகியவற்றாலும் வறட்சி வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் வழி சொல்வார்.

பிள்ளை பெற்று நாலு மாதம் ஆகிறது. முன்பு இல்லாத எரிச்சல் இப்போது ஏன்?

தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் சுரப்பு குறைந்திருக்கும். பிறப்பு வழியின் உள்தோலைக் கனமாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது அந்தச் சுரப்புதான். பால் குறைத்து, மாதவிலக்கு மறுபடி வரத் தொடங்கியதும் பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும். அதுவரையில் வழவழப்பு ஜெல்லி உபயோகிக்கலாம். தாய்ப்பாலுக்கு ஒரு கெடுதலும் இல்லை. தையல் போட்ட இடத்தில் வலி நீடித்தால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எனக்கு 52 வயது. "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று நானே வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

மூடிக்கொள்ள வேண்டாம், அம்மா. மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் நிரந்தரமாகக் குறைந்துவிடுகிறது. உள்தோல் மெலிந்து, உலர்ந்து, எளிதில் கீறல் விழும் நிலைக்கு வருகிறது. உறவின்போது மட்டும் என்பதில்லை. நடக்கும்போதே எரியலாம், சிறுநீர் அடிக்கடி வரலாம், சிறுநீர்த் தொற்றும் திரும்பத் திரும்ப வரலாம். முகம் சிவந்து வியர்க்கும் தொல்லை நாளடைவில் தணியும். இந்த வறட்சி தானாகத் தணிவது அபூர்வம்.

இதற்கு மூன்று படிகள் உண்டு. உறவின்போது வழவழப்பு ஜெல்லி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் உள்ளே போட்டு ஈரத்தைக் காக்கும் ஈரமூட்டி ஜெல். இது வேறு, அது வேறு. இரண்டும் போதாவிட்டால், டாக்டர் எழுதிக் கொடுத்து உபயோகிக்கும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு. மிகச் சிறிய அளவே போடுவதால் உடம்பு முழுவதும் பரவுவது சொற்பம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

கடைகளில் பல தினுசு இருக்கிறதாமே, எதை வாங்குவது?

மூன்று தினுசு. தண்ணீரால் ஆனது, சிலிக்கோனால் ஆனது, எண்ணெயால் ஆனது.

தண்ணீர் ஜெல்லிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1904-ல் நியூயார்க்கில் கே.ஒய். ஜெல்லி என்ற பெயரில் வந்தது. அப்போது அது டாக்டர்கள் கருவிகளுக்குத் தடவுவதற்காக வந்த சரக்கு. குடும்பங்களுக்கு வந்தது பிற்பாடு. தண்ணீர் ஜெல்லி எளிதில் கழுவிப் போகும், துணியில் கறை வைக்காது, ரப்பர் ஆணுறையைக் கெடுக்காது. சீக்கிரம் உலர்ந்துவிடுவதுதான் குறை. உலர்ந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி வழவழப்பு வரும். முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு இதுவே ஏற்றது.

சிலிக்கோன் உலராது, ஆணுறைக்கும் பாதகமில்லை. சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும். குளியலறைத் தரையில் சிந்தினால் வழுக்கி விழுவோம், ஜாக்கிரதை. எண்ணெய்த் தினுசைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

வாங்கும்போது பெட்டியில் என்ன பார்ப்பது? மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் தண்ணீர் விட்டுக்கொள்கிறதல்லவா? கிளிசரின் முதலியவற்றை அதிகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ஜெல்லியும் உள்தோலிலிருந்து நீரை இழுத்துவிடும். அதனால் எரிச்சல் வரும், தோல் நைந்துபோகும். இந்த இழுப்புச் சக்திக்கு ஓர் அளவு எண் உண்டு. அது 1,200-க்கு மேல் போகக் கூடாது, 380-க்குள் இருந்தால் உத்தமம் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-ல் வெளியிட்ட குறிப்பில் கூறியிருக்கிறது. அமிலத்தன்மை 4.5 அளவில் இருப்பது நல்லது. நம் உடம்பின் அளவும் ஏறக்குறைய அதுவே. எல்லாப் பெட்டியிலும் இந்த எண்களைப் போடுவதில்லை. போடாவிட்டால் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். கிளிசரின் முன்வரிசையில் இருந்தாலும், வாசனை, ருசி, "சூடேற்றும்", "குளிரூட்டும்" என்று விளம்பரம் செய்திருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். முதல் தடவை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறதே? வாஸலைன்? கற்றாழை?

எண்ணெயைப் பற்றி ஒரு விஷயத்தை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஆணுறைக்கும் எண்ணெய்க்கும் ஜன்மப் பகை. எண்ணெய் பட்ட பலூன் எப்படிப் பொத்துப் போகிறதோ அப்படித்தான். 1989-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தாது எண்ணெய் பட்ட 60 விநாடிக்குள் ஆணுறையின் வலு ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்துபோனது. 1968-ல் நம் சர்க்கார் நிரோத் கொண்டுவந்த காலத்திலிருந்து ஆணுறையை நம்பும் குடும்பங்கள் எத்தனையோ. "ஜாக்கிரதையாகத்தானே இருந்தோம், எப்படிக் கர்ப்பமானது?" என்று திகைத்துப்போகும் தம்பதிகளில் சிலருக்குப் பதில், தலைமாட்டில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தில் இருக்கலாம்.

ஆணுறை உபயோகிக்காத தம்பதிகள் சுத்தமான தேங்காய் எண்ணெயை வெளிப்புறத்தில் கொஞ்சம் தடவிக்கொண்டால் பெரிய கெடுதல் இல்லை. உள்ளே தாராளமாக விடுவது வேண்டாம். வாஸலைன் உள்ளே கூடவே கூடாது. தண்ணீரில் கழுவிப் போகாமல் தங்கிவிடும். 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், உள்ளே வாஸலைன் உபயோகித்த பெண்களிடம் ஒருவகைக் கிருமித் தொற்று மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது.

கற்றாழையைச் செடியிலிருந்து அறுத்துத் தடவ வேண்டாம். தோலுக்கு அடியில் மஞ்சளாக ஒரு பால் இருக்கிறது. அது எரிச்சல் உண்டாக்கும். முட்டை வெள்ளைக்கரு, நெய், தேன், சோப்பு, முகக் கிரீம் இவை எதுவும் அங்கே வேண்டாம். எச்சிலும் சீக்கிரம் உலர்ந்துபோகும். வாய்க் கிருமியையும் கொண்டு சேர்க்கும்.

கடையில் "ஜெல்லி" என்று கேட்டேன். ஒரு ட்யூப் கொடுத்தார்கள். போட்டதும் மரத்துப் போய்விட்டது!

பல பேருக்கு நடக்கிற கூத்து இது. மருந்துக் கடையில் வெறுமே "ஜெல்லி" என்று மெல்லிய குரலில் கேட்டால், சில சமயம் லிக்னோகெய்ன் ஜெல்லி கைக்கு வரும். ஆஸ்பத்திரியில் குழாய் செருகும்போது வலி தெரியாமல் இருக்கத் தடவுகிற மருந்து அது. வழவழப்பு இருக்கும், வாஸ்தவம். வலி என்பது உடம்பு அடிக்கிற எச்சரிக்கை மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் தீ அணைந்துவிடுமா? மரத்துப்போன இடத்தில் காயம் பட்டாலும் தெரியாது. சிலருக்கு அலர்ஜியும் உண்டு. ட்யூபில் "லிக்னோகெய்ன்" என்று இருந்தால் டாக்டர் சொல்லாமல் உபயோகிக்காதீர்கள்.

எப்படிக் கேட்பது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு யுக்தி. "தண்ணீரால் ஆன லூப்ரிகன்ட் ஜெல், மருந்து கலக்காதது" என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டிவிடுங்கள். மளிகைச் சீட்டு நீட்டுவது போலத்தான்.

ஜெல்லி போட்டால் கர்ப்பம் தரிக்காதாமே? குழந்தைக்காகக் காத்திருக்கும் நான் போடலாமா?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நாடு விடுதலையான பிறகு குடும்பக் கட்டுப்பாட்டு மையங்களில் கர்ப்பத்தடை ஜெல்லி என்று ஒன்று கொடுத்தார்கள். அதில் விந்தணுவைக் கொல்லும் மருந்து சேர்ந்திருந்தது. பெரியவர்கள் சொல்வது அந்த ஞாபகத்தில் இருக்கலாம். இப்போது நாம் பேசுகிற வெறும் வழவழப்பு ஜெல்லி கர்ப்பத்தையும் தடுக்காது, நோய்த் தொற்றையும் தடுக்காது. அதை நம்பி ஏமாறாதீர்கள்.

குழந்தை வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கு வேறு கதை. சோதனைக் குழாயில் வைத்துப் பார்த்தபோது பல தண்ணீர் ஜெல்லிகள் விந்தணுவின் ஓட்டத்தைத் தளர்த்துகின்றன, எச்சிலும் அப்படியே. குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியில், ஜெல்லி உபயோகித்தவர்களுக்குக் கர்ப்பம் தாமதமானதாகத் தெரியவில்லை. ஆகையால் போன மாதம் போட்டுவிட்டோமே என்று மனம் கலங்க வேண்டாம். விந்தணுவுக்குப் பாதகம் செய்யாதவை என்றே தனியாகச் சில ஜெல்லிகள் விற்கின்றன. டாக்டரைக் கேட்டு அவற்றை வாங்கலாம்.

ஒன்றும் போடாமலே ஜெல்லி போல் வெள்ளைப்படுகிறது. "எலும்பு உருகுகிறது" என்கிறார் பாட்டி.

பாட்டி நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் எலும்பு உருகி வெளியே வருவதில்லை. மாதவிலக்குக்கும் மாதவிலக்குக்கும் நடுவே, முட்டை வெளிப்படும் நாட்களில், கர்ப்பப்பை வாயிலிருந்து முட்டை வெள்ளைக்கரு போல் தெளிவாக, இழுத்தால் நூலாக வரும் திரவம் சுரக்கிறது. விந்தணு நீந்திப் போக இயற்கை போட்டுக் கொடுத்த பாதை அது. கர்ப்பத்தின் கடைசியில் கெட்டியான ஜெல்லிக் கட்டியாக, லேசான ரத்தக் கீற்றோடு ஒன்று வெளிப்படுவதும் உண்டு. கர்ப்பப்பை வாயை மூடியிருந்த தக்கை அது. பிரசவம் நெருங்குகிறது என்று அர்த்தம். 37 வாரம் ஆகும் முன்பே வந்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தயிர்த் திப்பி போல் வந்து அரித்தாலும், மீன் வாடை வீசினாலும், பச்சையாகவோ மஞ்சளாகவோ போனாலும் அது தொற்று. மருந்து இருக்கிறது. உள்ளே சோப்பும் டெட்டாலும் போட்டுக் கழுவுவது மருந்து ஆகாது. அது அங்கே நமக்குக் காவல் இருக்கும் நல்ல கிருமிகளையும் துரத்திவிடும்.

எப்போது ஜெல்லியை நம்பாமல் டாக்டரிடம் போக வேண்டும்?

இதை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெல்லி உபயோகித்தும் வலி தீரவில்லை என்றால் போங்கள். ஆழத்தில் வலித்தாலும் போங்கள். தொட்டாலே தசைகள் இறுகி மூடிக்கொண்டு உறவே முடியாமல் போகிறவர்களும் போக வேண்டும். அது பிடிவாதமோ பேய் பிசாசோ அல்ல. பயிற்சியால் தீரக்கூடிய உபாதை. உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் தாமதிக்காதீர்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் தாமதிக்காதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும்; ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் தலைகாட்டுகிற வாசல் இதுதான். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டால் வண்டிக்காரன் மாட்டை அடிப்பதில்லை. இறங்கி, அச்சுக்கு மை போடுகிறான். வலிக்கிறது என்று பெண் சொன்னால், "எல்லாப் பெண்களும் பொறுத்துக்கொள்ளவில்லையா?" என்று கேட்பவர்கள் அந்த வண்டிக்காரனிடம் பாடம் கற்க வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வது இல்லறக் கடமைகளில் ஒன்றல்ல. வேண்டாம் என்று தோன்றும் நாளில் வேண்டாம் என்று சொல்லலாம். எந்த ஜெல்லியும் சம்மதத்துக்குப் பதிலாக நிற்காது.

இந்தப் பக்கத்தைப் படித்ததும் மடித்து ஒளித்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கண்ணில் படும் இடத்தில் விரித்து வையுங்கள். கல்யாணம் நிச்சயமான தங்கையோ மகளோ இருந்தால், சீர்ப் பாத்திரங்களைப் பற்றிப் பேசும்போது இதையும் ஒரு நிமிஷம் பேசிவிடுங்கள்.